மதலைமுத்து வீட்டுக் குச்சி

செம்மேட்டில் யார் குச்சிக்கிழங்கு நட்டாலும் முதல் குச்சியை மதலைமுத்துவின் கைதான் ஊன்ற வேண்டும். பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு நடந்தே போய் வரும் தூரத்தில் இருக்கிற ஊர் அது. மரவள்ளியை அங்கே குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். அதற்கு விதை கிடையாது. கிழங்கைப் பிடுங்கியபின் தண்டை வெட்டிப் புளியமர நிழலில் நிற்க வைத்து, வைகாசி மழை விழுந்ததும் சாணளவு துண்டுகளாக்கி நட வேண்டும். குச்சி நல்லதாக இருந்தால் காடு நல்லதாக இருக்கும். குச்சி கெட்டால் வருசமே கெட்டது.

அந்த ஊரில் குச்சியை யாரும் விற்பதில்லை. கேட்டவருக்குச் சும்மாதான் தர வேண்டும். கேட்கிற விதத்துக்குத்தான் ஒரு முறை உண்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்த தட்டோடு புருசனும் பெண்டாட்டியுமாக வந்து கேட்பார்கள். மதலைமுத்து கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்து, மறுநாள் அவர்கள் காட்டுக்கே போய்க் கிழக்கே பார்த்து நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் குச்சியை ஊன்றுவார். காட்டுக்காரர் அதே இடத்தில் முனியப்பனுக்குக் கற்பூரம் ஏற்றுவார். இரண்டு சாமிக்கும் அதில் தகராறு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பிறகு களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்ட வாயோடு மதலைமுத்து முன்னால் கையை வீசிக்கொண்டு வருவார். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வருவாள்.

அந்த நடைக்காகவே அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆரோக்கியம்மாள் சொல்வாள். பொய்யில்லை. நிலம் அவரைவிட அதிகம் வைத்திருந்தவர்கள் ஊரில் உண்டு. ஆனால் 'மதலைமுத்து வூட்டுக் குச்சி' என்ற பேர் இண்டூர் வரைக்கும் போயிருந்தது. அவரும் பேருக்கு ஏற்றபடி உழைத்தார். சித்திரை வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு செடியின் இலையையும் புரட்டிப் பார்ப்பார். இலையில் ஒரு திட்டு தெரிந்தால் போதும், அந்தச் செடி அடுப்புக்குத்தான். "எலையப் பாத்தா வம்சம் தெரியும்" என்பது அவர் வாக்கு. அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த குச்சி எப்படிக் கெடும்?

கெட்டது. எண்பத்தெட்டாம் வருசம், ஐப்பசி அடைமழையில், அவரிடம் குச்சி வாங்கியவர்கள் காட்டில் எல்லாம் இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து, சுருண்டு, கோழிக்கால் மாதிரிக் கூம்பிப் போனது. கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் விரல் பருமன்கூட இல்லை. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்காரன் அந்தக் கிழங்கைக் கையால்கூடத் தொட மாட்டான்.

மதலைமுத்துவின் கீழ்க்காட்டிலும் தேமல் இருந்தது. ஆனால் கிணற்றை ஒட்டிய மேல்காடு மட்டும் கருகருவென்று நின்றது. அங்கேதான் வினை பிறந்தது.

பக்கத்துக் காட்டுக்காரன் மாது ஒரு நாள் விடிந்ததும் வந்து வாசலில் நின்றான். எப்போதும் நேரே அடுப்படி வரைக்கும் வந்து, "அண்ணி, என்னா கொழம்பு?" என்று கேட்கிறவன். அன்றைக்கு வாசற்படி ஏறவில்லை.

"உள்ள வாடா மாது. கொள்ளு கடைஞ்சிருக்குது, ஒரு வாய் களி தின்னு."

"பசிக்கலீங்க முத்தண்ணா. ஒன்னு கேக்கறன், கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"ஒங்க மேல்காடு மட்டும் எப்பிடிங்க அப்பிடிப் பச்சையா நிக்குது?"

"எரு போட்டன், தண்ணி கட்டினன். நீ எங்க எரு போட்ட? ஒம் மாடு போடற சாணியெல்லாம் ரோட்டுலதான கெடக்குது."

மாது சிரிக்கவில்லை. "எருவுங்கறது காரணம் இல்லீங்க. ஊருல ஒரு பேச்சு இருக்குது. நான் சொல்லல, சொல்றாங்க. நல்ல குச்சிய மேல்காட்டுக்கு வெச்சுக்கிட்டு, நோஞ்சான் குச்சிய எங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டீங்களாம்."

மதலைமுத்து விருட்டென்று எழுந்தார். "ஒரே குச்சிப் போர்லருந்துதாண்டா ஒனக்கும் எடுத்தன், எனக்கும் எடுத்தன். ஒம் பொண்டாட்டி பக்கத்துல நின்னாளே, அவளக் கேளு!"

"தீர்த்தம்மா அதத்தாங்க சொல்லி அழுவறா. அந்த அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாருன்னு. ஆனா காடு வேற மாதிரி சொல்லுதே. கிழங்கு போட்டு மவளுக்குக் கம்மல் எடுக்கலாம்னு இருந்தன். இப்ப ஆட்டுக்குக்கூட ஆவாது." சொல்லிவிட்டு நடந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். பால் சொசைட்டியில் அவர் வந்ததும் வரிசை கொஞ்சம் விலகி நின்றது. கெட்ட விவசாயி என்றால்கூட மனுசன் பொறுத்துக்கொள்வான். வஞ்சகன் என்றால் எப்படிப் பொறுப்பான்? மதலைமுத்து களியைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏம்மே, நான் அப்பிடிப்பட்டவனா?"

"இல்லீங்க. ஆனா இதுக்குச் சாட்சி நீங்களும் நானும் சொல்லிச் செல்லாது. பாப்பாவ வரச் சொல்லுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள்.

பாப்பா என்பது லூர்து மேரி. ஒரே மகள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர்நோய்ப் பிரிவில் வேலை. செம்மேட்டிலிருந்து அவ்வளவு படித்த முதல் பெண். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "எலைக்கு ரத்தப் பரிசோதனை பண்றா" என்று மதலைமுத்து ஒரே போடாகப் போடுவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அவள் பஸ் இறங்கி வந்து, பையை வீட்டில் வைத்ததும் வைக்காததுமாகக் காட்டில் இறங்கினாள். முதலில் மாதுவின் காடு, அடுத்து கீழ்க்காடு, கடைசியில் மேல்காடு. செடிக்கு ஓர் இளம் இலை கிள்ளித் தனித்தனி உறையில் போட்டாள். ஆரோக்கியம்மாள் தன் பழைய நீல நூல் சேலையைக் கிழித்துக்கொண்டே கூடப் போனாள். இலை கிள்ளிய செடிக்கு ஒரு துணி. எந்தச் செடி எது என்று பிற்பாடு தெரிய வேண்டுமே, அதற்காக மகள் துணியில் மையால் எண் எழுதினாள். காடு முழுக்க நீலத் துணி ஆடியது, தேர்த் திருவிழாவுக்குத் தோரணம் கட்டினாற்போல.

மேல்காட்டுக்கு மேற்கே ஒரு பாறைமேடு. அங்கே மண் ஒரு விரற்கடைதான் இருக்கும். ஆரோக்கியம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில் எப்போதோ ஊன்றிய கிழங்குச் செடிகள், தொடுவார் இல்லாமல், வெட்ட வெட்டத் துளிர்த்துச் சோனியாக நின்றன. மகள் அங்கேயும் ஏறினாள்.

"அத எதுக்குக் கண்ணு கிள்ளற? அது ஆட்டுக்குத் தழை ஒடிக்கற செடி. பாரு, வெளிறிப் போயி எலும்பும் தோலுமா நிக்குது. அதுக்கு இல்லாத சீக்கா?"

"பசியில வெளுக்கறது வேற, சீக்குல வெளுக்கறது வேறப்பா. கண்ணால பாத்தா ரெண்டும் ஒன்னாத்தான் தெரியும்."

"எங் கண்ணுக்கு அப்பிடித் தெரியாது" என்றார் மதலைமுத்து. மகள் அந்தச் செடிக்கும் ஒரு துணியைக் கட்டினாள்.

அன்று மத்தியானம் களியும் புளிச்சக்கீரையும் சாப்பிடும்போது அவர் கேட்டார், "இந்த எலைய வெச்சு எப்பிடிச் சாமி கண்டுபுடிப்பீங்க?"

"ஒவ்வொரு உசுருக்கும் உள்ள ஓர் எழுத்து ஓடுதுப்பா. நமக்கும் உண்டு, செடிக்கும் உண்டு, அந்தத் தேமல் வைரசுக்கும் உண்டு. மொத்தம் நாலே எழுத்து, மாறி மாறி வரும். வைரசோட எழுத்துல ஒரு துண்டு எங்ககிட்ட இருக்குது. எலைச் சாறு ஒரு சொட்டுத் தாள்ல வெச்சு, அந்தத் துண்ட மேல வுட்டா, அதோட ஜோடி அங்க இருந்தா போயி ஒட்டிக்கும். இல்லாட்டி கழுவினதும் போயிரும்."

"ஜோடிய அது எப்பிடிக் கண்டுக்கும்?"

"மாதா கோயில் திருவிழாவுல ஆயிரம் செருப்பு வாசல்ல கெடக்குதே, ஒங்க செருப்ப எப்பிடிக் கண்டுக்கறீங்க? அடுத்தவங்களது மாட்டினா கால் ஒத்துக்குமா? அப்பிடித்தான்."

மதலைமுத்துவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் செருப்புக் கணக்கைச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நம்பவில்லை.

புறப்படும்போது லூர்து மேரி வாசலில் நின்று, "அப்பா, என்ன வந்தாலும் வந்தத அப்பிடியேதான் சொல்லுவன்" என்றாள்.

"மறைக்கச் சொல்லி நான் பெத்தனா ஒன்ன? போ."

இதற்கிடையில் ஆரோக்கியம்மாளின் தம்பி செபாஸ்டின் ஏரியூரிலிருந்து வந்தான். மேல்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "மச்சான், எங்கூருல பத்துக் குடும்பம் இந்த வருசம் புதுசா நடறாங்க. கிழங்கு புடுங்கினதும் மேல்காட்டுக் குச்சி மொத்தத்தையும் டிராக்டர்ல ஏத்திக்கறன். நீங்களே வந்து ஊனிக் குடுக்கணும். மேளம் வெச்சுக் கூப்புடறன்." ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரத்தில் அது வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஏரியூர் வரைக்கும் பேர். மதலைமுத்து அன்றைக்கு இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டார்.

கிறிஸ்துமசுக்கு முன் லூர்து மேரி வந்தாள். சோதனைப் படம் விழுந்த இரண்டு எக்ஸ்ரே பிலிமை அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மதலைமுத்து ஒன்றை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வரிசை வரிசையாகப் பொட்டு. சில இடத்தில் பொட்டு கருகருவென்று, சில இடத்தில் வெறுமை.

"இதுல மேல்காடு எது?"

"நடு வரிசைங்கப்பா."

"பாத்தியாம்மே! எங்காட்டுது எப்பிடி அழுத்தமா வுழுந்திருக்குது பாரு. திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி. இந்தக் கடைசி வரிசையில ஒன்னுத்தையும் காணோம், இது மாது காடுதான?"

லூர்து மேரி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தத் துண்டு ஒட்டின எடத்துலதான் பொட்டு வுழும். பொட்டு வுழுந்தா சீக்கு இருக்குதுன்னு அர்த்தம். மாது சித்தப்பா காடும் நம்ம கீழ்க்காடும் மேல் வரிசை. அதுலயும் பொட்டு, மேல்காட்டுலயும் பொட்டு. பொட்டு இல்லாத கடைசி வரிசை பாறைமேட்டுச் செடி."

மதலைமுத்து பிலிமை மடியில் இறக்கினார்.

"மேல்காடு பச்சையா இருக்குதே பாப்பா."

"எருவும் தண்ணியும் இருக்கவும் செடி தாங்கிக்கிட்டு நிக்குது. சீக்கு உள்ளதான் இருக்குது. இன்னொன்னும் சொல்லணும். வெயில் காலத்துல இந்தத் தேமல் எலையில தெரியாது. மறஞ்சுக்கும். நீங்க சித்திரையிலதான குச்சி பாத்து எடுக்கறீங்க?"

மதலைமுத்து தலையாட்டினார். எந்த வெயிலில் தலை காயக் காய இலை புரட்டினாரோ அந்த வெயில்தான் அவர் கண்ணைக் கட்டியிருக்கிறது. சோம்பேறி ஒருத்தன் இலையே பார்க்காமல் வெட்டியிருந்தாலும் இதே குச்சிதான் கிடைத்திருக்கும். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாறையில இருக்கறது எப்பிடித் தப்பிச்சுது?" என்று ஆரோக்கியம்மாள்தான் கேட்டாள்.

"சீக்கப் பரப்பறது வெள்ளை ஈ. அந்த மேட்டுல அடிக்கிற காத்துல ஈ தங்காதுன்னு நெனைக்கறன். பொறவு, அந்தச் செடிக்கு யாரும் வெளியிலருந்து குச்சி கொண்டாந்து நடல. பழைய வம்சம்."

இரண்டாவது பிலிமில் ஏணிப்படி மாதிரிக் கோடுகள், இரண்டு பக்கமும் எழுத்துக்கு ஒரு பத்தியாக நான்கு நான்கு பத்தி. அவள் விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே படித்துக் காட்டினாள். "ஏ, டி, ஜி, ஜி, சி, ஏ..." செபம் சொல்கிற மாதிரி ஒரே சீராக. "இந்தப் பக்கம் மேல்காட்டு வைரஸ், அந்தப் பக்கம் மாது சித்தப்பா காட்டு வைரஸ். ரெண்டுலயும் படிச்ச வரைக்கும் ஓர் எழுத்துகூட மாறல. ஒரே சீக்குதான் ரெண்டு காட்டுலயும்."

மதலைமுத்து நிமிர்ந்தார். "அப்பிடின்னா நான் நல்லத வெச்சுக்கிட்டு நோஞ்சானக் குடுக்கல."

"இல்ல."

"ஆனா ஊருக்குச் சீக்கக் குடுத்தது நாந்தான்."

"தெரியாமத்தான..."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. கை என்னுது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பால் ஊத்தற நேரமாச்சு. எல்லாரும் சொசைட்டியில இருப்பாங்க. ரெண்டு பிலிமையும் எடுத்துக்கிட்டு வா."

"இன்னைக்கேவா? பண்டிகை முடியட்டுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"பண்டிகைக்குள்ள ஏரியூர்க்காரன் டிராக்டருக்குச் சொல்லிருவான்மே."

பால் சொசைட்டி வாசலில் ஊரே இருந்தது. கேனும் சொம்புமாக நின்றவர்கள் நடுவில் மதலைமுத்து போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மேல்காடு பச்சையா இருக்குதுன்னு பேசினீங்க. அந்தக் காடும் சீக்குக் காடுதான். எம் மவ எழுத்து படிச்சு வந்திருக்கா. ஒங்க காட்டுச் சீக்கும் எங்காட்டுச் சீக்கும் ஒன்னு. எங்குச்சியிலதான் வந்துது. வேணும்னு குடுக்கல. ஆனா குடுத்தது நான்."

பால் அளக்கிறவன் அளவுச் சொம்பைக் கீழே வைத்தான். லூர்து மேரி பிலிமை உயர்த்திக் காட்டி விளக்கினாள். மாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிலிமை வாங்கிப் பார்த்தான்.

"எங்காடு எது பாப்பா?"

"இது, சித்தப்பா."

"ஒங்கப்பாது?"

"இது."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே கருப்பு." பிலிமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதலைமுத்துவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான், "கொள்ளு கடைசல் மிச்சமிருக்குதாங்க அண்ணா? நாளைக்குக் காத்தால வரன்."

சித்திரை பிறந்து மேல்காட்டில் கிழங்கு பிடுங்கினார்கள். எருவின் புண்ணியத்தில் சுமாராகத் தேறிய கிழங்கு மில்லுக்குப் போனது. குச்சியை மட்டும் மதலைமுத்து ஒன்றுவிடாமல் குவித்தார். செபாஸ்டின் ஓடி வந்து மன்றாடினான். "மச்சான், பச்சையாத்தான இருக்குது, எங்கூருல யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தார்.

பச்சைத் தண்டு லேசில் பற்றாது. சோளத்தட்டு போட்டு, புகையில் இருமி இருமி எரித்தார். மாதுவும் தன் காட்டுக் குச்சியை வண்டியில் கொண்டுவந்து அதே நெருப்பில் போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வருசா வருசம் கட்டுக் கட்டாகக் குச்சி நிற்கிற புளியமரத்தடி அந்த வருசம் வெறிச்சென்று கிடந்தது. பாறைமேட்டுக் குச்சி மட்டும் ஒரே ஒரு கட்டு, நீலத் துணி அவிழாமல், மரத்தில் சாய்ந்து நின்றது. ஆரோக்கியம்மாள் நாள் தவறாமல் அதன் அடிமண்ணில் தண்ணீர் தெளித்தாள்.

அந்த ஒரு கட்டு எத்தனை காட்டுக்கு வரும்? லூர்து மேரி வழி சொன்னாள். சாணளவு வேண்டாம், இரண்டு கணு போதும். ஆளுக்குப் பிரிக்கவும் வேண்டாம். ஒரே காட்டில் நட்டு, மழைக்காலத்தில் தேமல் தெரிகிற செடியைப் பிடுங்கி எறிந்து, அடுத்த வருசம் ஊருக்குப் பிரிக்கலாம். எந்தக் காடு என்று கேட்டபோது மாது, "எங்காட்டுல போடுங்க. பாறைக்காத்து எங்காட்டு மேலதான் அடிக்குது, ஈ தங்காது" என்றான்.

வைகாசி மழை இரண்டு உழவுக்குப் பெய்தது. நடவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாதுவும் தீர்த்தம்மாளும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், எல்லாம் முறைப்படி. மதலைமுத்து நடவுக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். கெட்ட கை, இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் தட்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

தீர்த்தம்மாள் அவரைத் தாண்டிப் போனாள். லீவுக்கு வந்திருந்த லூர்து மேரி உள்ளே பேன் சீப்பை வைத்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தட்டை நீட்டி, "பாப்பா, மொதக் குச்சிய நீ வந்து ஊனணும்" என்றாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். லூர்து மேரி பதறிப்போய், "ஐயோ சித்தி, அப்பாதான் ஊனணும். எனக்கு இதெல்லாம்..." என்று சீப்பைக் கீழே போட்டாள்.

"அண்ணன் கைய நாங்க தப்பு சொல்லலீங்க" என்றான் மாது அவசரமாக. "அவுரு மட்டும் அன்னைக்குச் சொசைட்டியில வந்து சொல்லலேன்னா இன்னும் ஏழு தலமொறைக்குச் சீக்கக் கட்டிக்கிட்டு அழுதிருப்பம். ஆனா இந்தக் குச்சியக் கண்டுபுடிச்சது பாப்பா. அதான் முறை."

எல்லாரும் மதலைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். வாரி முடிக்காத தலை, மை படிந்த விரல். ஏணிக்கோட்டைக் கீழிருந்து மேலாகப் படித்த விரல். அப்பன் காடு என்று ஓர் எழுத்தைக்கூட மாற்றிப் படிக்காத விரல். மாரில் என்னவோ பொங்கி வந்தது. முதல் குச்சி ஊன்றப் போன எந்த வருசமும் அவருக்கு அப்படிப் பொங்கினதில்லை.

"வாங்கு பாப்பா. கூப்புட்ட வூட்டுக்குப் போவணும்" என்றார்.

மறுநாள் காலையில் ஊரே மாதுவின் காட்டில் நின்றது. லூர்து மேரி கிழக்கே பார்த்து நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கணு மேலே பார்க்கக் குச்சியை ஈரமண்ணில் ஊன்றினாள். மாது கற்பூரம் ஏற்றினான். சென்னம்மாள் என்கிற கிழவி குலவை போட்டாள். அதற்குப் பிறகு களியும் கோழிக்குழம்பும். லூர்து மேரி காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள்.

திரும்பும்போது வழக்கம்போல் தட்டை எடுக்க ஆரோக்கியம்மாள் குனிந்தாள். அதற்குள் மதலைமுத்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"குடுங்க, ஆம்பள தூக்கிக்கிட்டு வருவாங்களா?"

"நீ போம்மே."

மகள் வரப்பில் முன்னால் போனாள். அவர் தட்டோடு பின்னால் போனார். சாலையில் ஏறியதும் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிற இண்டூர் ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்னங்க மதலைமுத்து, தட்டு ஒங்க இடுப்புல இருக்குது? ஊனினது யாரு?"

மதலைமுத்து தட்டைச் சரிசெய்துகொண்டு, முன்னால் போகிறவளை முகவாயால் காட்டினார்.

"எம் மவ" என்றார். "நான் பின்னாலதான் வரன்."